மாமியாருக்கு ஒரு மூலை

என் வீட்டுத் தரையில் ஒரு வெடிப்பு இருக்கிறது. சமையலறையில் புறப்பட்டு, கட்டிலுக்கு அடியில் புகுந்து, வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது. விருந்தாளி வந்தால் என் மனைவி பூரணி அதன்மேல் ஒரு பாயை விரிப்பாள். பாயைவிட வெடிப்பு நீளம். வந்தவர்கள் பாய் முடிகிற இடத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். ஏனென்றால் நான் தரை போடுகிறவன்.

கல் பலகை பதிப்பது என் தொழில். நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்பறை முழுக்க நான் பதித்த கறுப்புக் கல்தான். லிந்துலையிலும் தலவாக்கலையிலும் வீடு கட்டுகிற முதலாளிமார் "ஆண்டி பாஸைக் கூப்பிடு" என்பார்கள். எங்கள் பக்கத்தில் மேசனையும் தச்சனையும் பாஸ் என்றுதான் அழைப்பது. ஆண்டியப்பன் என்று வைத்த பெயர் தேய்ந்து ஆண்டியானதில் எனக்கு வருத்தமில்லை, பின்னால் ஒரு பாஸ் ஒட்டிக்கொண்டதே போதும். பூரணி மட்டும் அந்தப் பாஸை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுவாள். "ஊருக்குத்தான் நீங்க பாஸு. மொதல்ல இந்த வெடிப்ப அடைங்க" என்பாள். அடுத்த வாரம் என்பேன். அந்த அடுத்த வாரத்துக்கு இப்போது பல வயதாகிவிட்டது.

நான் பிறந்தது அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஒரு காம்பராவில். படிப்பில் எனக்கும் கணக்குக்கும் ஒத்துவரவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணக்கு என்னைக் கைவிட்டது, நான் அதைக் கைவிட்டேன். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொஞ்ச நாள் மேசை துடைத்தேன். பக்கத்துக் கட்டடத்தில் தரைக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். மேசை துடைப்பதைவிட அது உட்கார்ந்து செய்கிற வேலையாகத் தெரிந்ததால் அங்கே போய்ச் சேர்ந்தேன். உட்கார்ந்து செய்கிற வேலைதான். முழங்கால் இரண்டும் அதில்தான் போயின. அந்த வேலையில் அளவும் கோணமும் பங்கும் தவிர வேறொன்றும் இல்லை என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. விட்டுவந்த கணக்கு எனக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்திருந்தது.

அந்த வேலையில் என்னைப் பிடித்த ஒரு வியாதி லெவல். நடுவில் கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஒரு காற்றுக் குமிழியும் உள்ள மட்டக்கட்டை அது. குமிழி நடுவில் நின்றால் தரை மட்டம். அதைக் கையில் எடுத்த நாளிலிருந்து எதைப் பார்த்தாலும் சாய்ந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். என் கல்யாணத்திலேயே மணவறைப் பலகை இடது பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று எழுந்து, அடியில் ஒரு மரத்துண்டைக் கொடுத்துவிட்டுத்தான் தாலி கட்டினேன். ஐயர் மந்திரத்தை நிறுத்திக் காத்திருந்தார். பூரணியின் அம்மா ராக்காயி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மாப்ள பலகையத்தான் பாக்குறாரு. பொண்ண இன்னும் பாக்கல."

என் மாமியார் அப்படித்தான். கொழுந்து எடுப்பதில் தோட்டத்தின் எங்கள் டிவிஷனில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவே அவரிடம் பார்த்துத்தான் பேசுவாராம். நான் ஹோட்டல் வேலையை முடித்துவிட்டு வந்து, அந்தத் தரையில் முகம் தெரியும், கூரை தெரியும் என்று அளந்தபோது, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அதுல நீங்க ஒரு தடவயாவது செருப்போட நடந்திருக்கீங்களா மாப்ள?"

நடந்ததில்லை. வேலை முடிந்த பிறகு பின்வாசல் வழியாகத்தான் அனுப்பினார்கள். அதை அவரிடம் நான் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது.

அவருக்கும் என்னைப் போல ஒரு வியாதி. மகள் சாப்பிட்டாளா என்று கேட்பது. மலையில் கேட்பார், கொழுந்து நிறுவையில் கேட்பார். கோயிலில் தீபாராதனை நடக்கும், எல்லாரும் அம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இவர் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுவரோரம் வந்து, "பூரணி, சாப்டியாடி?" என்பார். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இருந்த பூரணி, "சும்மா இரும்மா" என்று வெட்கப்படுவாள்.

ராக்காயி காய்ச்சலில் போய்விட்டார். தோட்டத்து மயானச் சரிவில் புதைத்தோம். தலைமாட்டில் ஒரு கல் வைக்கச் சொல்லி பூரணி கேட்டாள். இதற்கும் நான் அடுத்த வாரம் என்றேன். பிறகு அந்த வருடக் கார்த்திகை மழை வந்தது. லயங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மயானச் சரிவு அப்படியே கழன்று ஆற்றுக்குப் போய்விட்டது. மழை விட்டதும் நாங்கள் போய்ப் பார்த்தோம். செம்மண் மட்டும் இருந்தது. எந்த இடம் என்று கை காட்டக்கூட வழியில்லை. பூரணி அழவில்லை. திரும்பி வரும்போது, "அம்மா பேரு எங்கயாவது ஒரு எடத்துல இருக்கணுங்க" என்றாள். இந்த முறை அடுத்த வாரம் என்று சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் டிவிஷன் மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது அந்தச் சமயத்தில்தான். கமிட்டித் தலைவர் மாயாண்டி, பென்ஷன் வாங்கிய கங்காணி. காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பழகிய குரலிலேயே கூட்டத்தைக் கூட்டினார். மண்டபத்தின் சிமெண்டுத் தரை பெயர்ந்துவிட்டது, கல் பலகை போட வேண்டும், குடும்பத்துக்கு ஒரு கல் உபயம், கல்லில் பெயர் வெட்டிக்கொள்ளலாம் என்றார். பெயரை மிதிப்பார்களே என்று ஒருவர் இழுத்தார். பக்தர்கள் காலடி படுவது புண்ணியம் என்று மாயாண்டி அடக்கினார். கல் பதிக்கும் பொறுப்பு சம்பளமில்லாமல் எனக்கு வந்தது. கூட்டத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டினால் நான் எதற்கும் சம்மதிப்பேன்.

பெயர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் சண்டை தொடங்கியது. வாசலில் நுழைகிறவர்கள் வாசிக்கும்படி இருக்கட்டும் என்றார்கள் பாதிப் பேர். மாயாண்டி எழுந்து, "வாசிக்க வேண்டியது ஆத்தாவா, நீங்களா?" என்று கேட்டார். பெயர்கள் எல்லாம் அம்மனைப் பார்த்திருக்க வேண்டும், நமக்குத் தலைகீழாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று முடிவானது.

அடுத்த சண்டை இடத்துக்கு. எல்லாருக்கும் மூலஸ்தானத்துக்கு முன்னால் வேண்டும். அந்த வாரம் என் வாழ்க்கையிலேயே சிறந்த வாரம். என்னைத் தெருவில் கண்டாலும் ஒதுங்கிப் போகிறவர்கள் வடை கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் வடையையெல்லாம் தின்றுவிட்டு, திருவுளச் சீட்டுப் போடலாம் என்றேன். பிறகு எழுந்து நின்று, பெருந்தன்மையாக ஒரு வார்த்தை சொன்னேன்.

"எங்க குடும்பத்துக்குச் சீட்டு வேணாம். எங்க மாமியார் கல்லு கடைசிக் கல்லா இருந்தாப் போதும்."

கூட்டம் உருகிவிட்டது. மாயாண்டி என் தோளைத் தட்டினார். பூரணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உண்மை என்னவென்றால், கோயில் வேலையை ஈசான மூலையில்தான் தொடங்க வேண்டும். எங்கள் கோயில் கிழக்குப் பார்த்தது, ஆகையால் ஈசான மூலை வாசலுக்குப் பக்கத்தில் வரும். அங்கே தொடங்கினால் கடைசிக் கல் எங்கே போய் விழும்? மண்டபத்தின் உள்மூலையில், அம்மனுக்குப் பக்கத்தில், பெண்கள் உட்காருகிற சுவரோரத்தில். பூரணிக்கு முழங்கால் வலி, எப்போதும் அந்தச் சுவரில் சாய்ந்துதான் உட்காருவாள். கணக்கில் தோற்றவன் போட்ட கணக்கு இது. அதை வெளியே சொல்லாமல் அடக்கமாகத் தலை குனிந்து உட்கார்ந்தேன்.

கல் வந்தது லிந்துலை ரிஸ்வி முதலாளியின் கடையிலிருந்து. பெயர் வெட்டுவது அவர் மகன் நுஸ்கி, மெஷினில். பூரணி சொன்ன வாசகத்தை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். 'கொழுந்து ராக்காயி ஞாபகார்த்தம், மகள் பூரணி.' ஒரே வரியில், பெரிய எழுத்தில். நுஸ்கி கல்லை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்த்தான்.

"பாஸ், மத்தவங்க எல்லாம் பேர மட்டும் வெட்டிக்கிறாங்க. இது கல்லா, கல்யாணக் கார்டா?"

"வெட்டுங்க தம்பி. பதிக்கிறது நாந்தானே."

வெட்டினான். கல்லின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் எழுத்து நிறைந்துவிட்டது.

வேலையைத் தொடங்கினேன். தரைக்காரன் முதலில் செய்ய வேண்டியது நூல் கட்டி மண்டபம் கோணலா என்று பார்ப்பது. ஊரே வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும்போது நூல் கட்டிக்கொண்டிருந்தால் மதிப்பாக இருக்காது என்று எனக்குப் பட்டது. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் சுவரை உற்றுப் பார்த்து, "சரியா இருக்கு" என்று அறிவித்துவிட்டேன். லெவல் மட்டும் ஒவ்வொரு கல்லுக்கும் வைத்தேன். மட்டம் ஒரு நூல் பிசகவில்லை. மண்டபம் மேலே கீழே மட்டும்தான் தவறும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

பெண்கள் பக்கத்துச் சுவர் அந்தக் காலத்தில் ஊரார் கூடிச் சிரமதானமாகக் கட்டியது. வெளியே ஒரு பாறை குறுக்கிட்டதால், உள்ளே போகப்போகச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக உட்பக்கம் ஒதுக்கிக் கட்டியிருக்கிறார்கள். வாசல் வரிசையில் கடைசிக் கல் முழுதாக உட்கார்ந்தது. அடுத்தடுத்த வரிசைகளில் ஒரு விரல் குறைந்தது, இரண்டு விரல் குறைந்தது. பெயரின் இரு பக்கமும் இருந்த வெற்று இடத்தை அறுத்துச் சமாளித்தேன். சுவரோரம் வந்த பெயர்கள் எல்லாம் சின்னப் பெயர்கள், தப்பித்தன. ஒவ்வொரு வரிசையிலும் என் மனம், அடுத்த வரிசையில் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே வந்தது. சுவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் பின்னேரம் உள்மூலைக்கு வந்து சேர்ந்தேன். கடைசி இரண்டு வரிசையிலும் சுவரோரமாக ஒவ்வொரு கல்லுக்கான இடம்தான் பாக்கி. ஒன்று மிஞ்சிப்போன எழுதாத கல், மற்றது மாமியாரின் கல். கல்லைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். முக்கால் சாண் அதிகமாக இருந்தது. இடப்பக்கம் அறுத்தால் மாமியார் பெயர் போகும். வலப்பக்கம் அறுத்தால் மனைவி பெயர் போகும்.

வேறு கல் கேட்டு நுஸ்கிக்குப் போன் எடுத்தேன்.

"கல்லு லொறி பொல்பிட்டியப் பக்கம் நிக்குது பாஸ். ரோட்டுல மண்ணு சரிஞ்சிருக்கு. நாளைக்கும் வர ஏலாது" என்றான்.

ஓடிப் போய்விடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தரை போடுகிற எவனும் உள்ளே தொடங்கி வாசலில் முடிப்பான், கடைசிக் கல்லைப் பதித்துவிட்டு வெளியே இறங்க வேண்டுமே. நான் வாசலில் தொடங்கி உள்ளே வந்திருந்தேன். எனக்கும் வாசலுக்கும் நடுவில் மண்டபம் முழுக்க ஈரக் கலவையின்மேல் புதுக் கல். மிதித்தால் அமுங்கும். தோட்டத்தின் பெயர்களெல்லாம் என்னைச் சுற்றி வளைத்துக்கொள்ள, மூலையில் கல் அறுக்கும் கிரைண்டரும் பென்சிலுமாக மாமியாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மன் திரைக்குப் பின்னால் இருந்தது ஒரு வகையில் நல்லது.

நிறுவை முடிந்து பூரணி நேராகக் கோயிலுக்கு வந்தாள். தலையில் கொழுந்துச் சாக்கு மாட்டிய கயிற்றின் தடம்கூடப் போகவில்லை. வாசல்படியில் நின்றாள். பக்கத்தில் மாயாண்டி.

"அம்மா கல்லு வச்சாச்சாங்க?"

"வச்சிட்டே இருக்கேன்."

"ஏன் மடியில வச்சிருக்கீங்க?"

பதில் சொல்ல ஒரு பொய் தேடினேன். எல்லாவற்றுக்கும் ஒன்று கிடைக்கும் எனக்கு, அன்றைக்குக் கிடைக்கவில்லை. சுவர் கோணியிருந்ததையும், நூல் கட்டாததையும், முக்கால் சாணையும் சொன்னேன். மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்ததால், வாசலில் நின்ற எல்லாருக்கும் சொன்னதாக ஆயிற்று.

பூரணி கத்தவில்லை. கத்தியிருந்தால் பழகினது, தாங்கியிருப்பேன்.

"என் பேர அறுத்துருங்க. அம்மா பேரு மட்டும் இருக்கட்டும்" என்றாள்.

வலப்பக்கம் பென்சிலால் கோடு போட்டேன். கோடு 'மகள்' என்ற சொல்லுக்கு முன்னால் விழுந்தது. கிரைண்டரை எடுத்தேன். அம்மாவையும் மகளையும் மண் ஒரு தடவை பிரித்துவிட்டது. இரண்டாவது தடவை பிரிப்பதற்கு நான் கிரைண்டரோடு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லி, கண்ணைத் துடைக்கக் கை வேண்டுமே என்று கல்லை மடியிலிருந்து இறக்கி, சுவரோரமாக நீளவாக்கில் அந்தப் பள்ளத்தில் வைத்தேன்.

கல் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது. கல்லின் நீளம் அகலத்தைப்போல் இரு மடங்கு, அதனால் இரண்டு வரிசையின் அகலமும் அந்த ஒரு கல்லின் நீளமும் சரியாக இருந்தன. சுவருக்கும் கல்லுக்கும் நடுவில்தான் கொஞ்சம் இடைவெளி. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது பூரணிதான் முதலில் கண்டாள்.

"அப்புடியே வைங்க! அந்த எழுதாத கல்ல அறுத்துச் சந்துல போடுங்க. அம்மா கல்ல அறுக்காதீங்க."

"பேரு சாமியப் பாக்காதும்மா. குறுக்கால திரும்பிருச்சு" என்றேன்.

மாயாண்டியும் தொண்டையைச் செருமினார். "கமிட்டி முடிவு ஒண்ணு இருக்குல்ல தாயி. எல்லாப் பேரும் ஆத்தாளத்தான் பாக்கணும். ஒரு பேரு மட்டும் செவுத்துப் பக்கம் வாசிக்கிற மாதிரி இருந்தா நல்லாவா இருக்கும்?"

பூரணி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கம்மா உசுரோட இருந்தப்ப என்னைக்கு மாமா சாமியப் பாத்துச்சு? தீவாரன நேரத்துலயும் நான் சாப்டேனா இல்லையான்னுதான் பாத்துச்சு. நான் அந்தச் செவுத்துலதான் சாஞ்சு உக்காருவேன். அது என்னையப் பாக்கட்டும். ஆத்தா கோவிச்சுக்க மாட்டா."

மாயாண்டி பெரட்டுக் களத்தில் எத்தனையோ பேரின் வாயை அடைத்தவர். அன்றைக்குத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு, "வைய்யி ஆண்டி" என்றார்.

எழுதாத கல்லை அறுத்துச் சந்தில் கொடுத்தேன். பென்சில் கோட்டைத் துடைத்தேன். பிறகு என்னை வெளியே எடுக்கிற வேலை இருந்தது. ஓரச் சுவரோடு பலகை நீட்டினார்கள். பாரம் ஒரே இடத்தில் விழக்கூடாது என்பதால் அதன்மேல் நான் வயிற்றால் ஊர்ந்து வந்தேன். ஊர் முழுக்க நின்று பார்த்தது. இந்த முறையும் சிலர் கை தட்டினார்கள்.

விடிவதற்குள் கலவை இறுகியிருந்தது, மறுநாள் கும்பாபிஷேகம் குறையில்லாமல் நடந்தது. மழைகூட மதியம் வரைக்கும் எட்ட நின்றது. ரிஸ்வி முதலாளியும் நுஸ்கியும் வந்து வாசலுக்கு வெளியே நின்று தரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். உள்மூலையில் ஒரு கல் மட்டும் திரும்பியிருப்பதை எல்லாரும் கவனித்தார்கள். அது பாஸ் யோசித்துச் செய்த வேலை என்று மாயாண்டியே ஊருக்குச் சொன்னார். நான் மறுக்கவில்லை, மறுக்க அவ்வளவு அவசரமும் படவில்லை. விளைவு, தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் வரிசையாக வந்து, எங்கள் கல்லையும் பெயர்த்து எங்கள் பக்கம் திருப்பி வையுங்கள் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த வாரம் என்று சொல்லியிருக்கிறேன்.

பூசை முடிந்து சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். பூரணி தன் பங்கை இலையோடு வாங்கிக்கொண்டு, கல்லை மிதிக்காமல் பக்கத்தில் ஒதுங்கிச் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். கல் அவள் கைக்கெட்டுகிற இடத்தில் இருந்தது. மண்டபத்தில் இருந்த பெயர்களில் அது ஒன்றுதான் அவளுக்கு நேராகத் தெரிந்தது. நான் இந்தப் பக்கம் ஆண்கள் நடுவில் நின்றேன். இடுப்பில் லெவல் இருந்தது. அந்தக் கல்லை அழுதுகொண்டே வைத்தவன் நான், குமிழி எங்கே நிற்கிறதோ என்று காலையிலிருந்து அரித்துக்கொண்டே இருந்தது. கூட்டம் கலைந்ததும் போய் வைத்துப் பார்ப்பதாக இருந்தேன்.

கூட்டம் கலைந்தது. நான் கிட்டே போனேன். பூரணி என்னைக் கவனிக்கவில்லை. இலையை வழித்துக் கடைசி வாயைச் சாப்பிட்டாள். பிறகு கையை முந்தானையில் துடைத்து, கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"சாப்பிட்டேம்மா" என்றாள்.

நான் லெவலை எடுக்கவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனேன்.